எஞ்சினியரை ஒரு இன்வாய்ஸின் பின்னால் அனுப்புங்கள்

என் டீமில் டேட்டாபேஸைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் இருக்கிறார். 40 விநாடி எடுத்த ஒரு ரிப்போர்ட்டோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி 4 விநாடிக்குக் கொண்டுவந்தார். நானும் கைதட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, வாடிக்கையாளர் தரப்பில் அதைத் திறப்பவர் ஒரே ஒருவர், அதுவும் மாதக் கடைசியில் ஒரு தடவை. "ஓட விட்டுட்டு ஃபைல் அடுக்கப் போயிடுவேன், வேகத்தை நான் கவனிச்சதே இல்ல. ஆனா எக்செல்லுக்குப் போனா நாளும் மாசமும் இடம் மாறிடுது, அதைச் சரி பண்ணிக் கொடுங்களேன்" என்றார் அவர். அதைச் சரிசெய்ய அரை நாள்கூட ஆகவில்லை.

எஞ்சினியர் மேல் தப்பில்லை. அந்த ரிப்போர்ட்டை யார், எதற்குப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

எஞ்சினியர்களுக்குத் தொழில் புரிய வேண்டும் என்று அதற்கு முன் நானும் வழக்கமான வைத்தியத்தைத்தான் செய்துபார்த்தேன்: இரண்டு நாள் வகுப்பு, வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர், பேலன்ஸ் ஷீட் பற்றி நூறு ஸ்லைடு. ஏட்டுச் சுரைக்காய்தான். இப்போது வகுப்பே வைப்பதில்லை. ஒரு இன்வாய்ஸை, அதாவது வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லை, கையில் கொடுத்து அதன் பின்னால் அனுப்பிவிடுகிறேன்.

அது அவரே வேலை பார்த்த ஒரு பிராஜக்ட்டின் இன்வாய்ஸாக இருக்க வேண்டும். அடுத்தவர் வேலையாக இருந்தால் அக்கறை வராது. மூன்று கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். இந்தத் தொகை எப்படி முடிவானது? பில் எந்த நாளில் போட முடிந்தது? காசு எந்த நாளில் வங்கிக்கு வந்தது? விற்பனைப் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரும்படி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ விசாரணை என்று நினைத்து வாயே திறக்கமாட்டார்கள்.

முதலில் போனவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார். வேலை சரியாக வந்து சேர்ந்தது என்று சொல்லும் ஏற்புச் சான்றில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் போட முடியும் என்பது ஒப்பந்தம். சாஃப்ட்வேர் நாள் தவறாமல் போய்விட்டது. கையெழுத்து மட்டும் 11 நாள் நின்றிருக்கிறது. காரணம், "அப்புறம் எழுதிக்கலாம்" என்று எங்கள் டீம் தள்ளிவைத்த நிறுவல் கையேடு. அந்த 11 நாளில் மாதம் மாறிவிட, பில் அடுத்த மாதக் கணக்குக்குப் போனது. பில் தேதியிலிருந்து 60 நாள் கழித்துத்தான் பணம். "அதுவரைக்கும் நம்ம சம்பளம்?" என்று கேட்டிருக்கிறார். "அது 60 நாள் காத்திருக்காதே சார்" என்றாராம் கணக்குப் பிரிவில் இருந்தவர்.

லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்பது ஸ்லைடில் ஏறாமல் அந்த ஒரு பதிலில் ஏறியது. அதற்குப் பிறகு கையேட்டுக்காக நான் யாரையும் விரட்டியதில்லை.

அடுத்து, அவர்களுக்குத் தெரிந்த எண்ணிலிருந்தே ஆரம்பியுங்கள். சர்வர் 99.9 சதவீதம் ஓடினால் வருடத்தில் சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம்; 99.99 என்றால் 52 நிமிடம்தான். இது அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் கேட்க வேண்டியது, அந்த எட்டு மணி நேரம் எந்த நேரத்தில் வந்தால் யாருக்கு வலிக்கும் என்பதுதான். விடுமுறை நாள் நள்ளிரவில் ஒரு மணி நேரம் நின்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை. சம்பளப் பட்டியல் ஓடும் நாளில் நின்றால் போன் பற்றி எரியும். எங்கள் டீம் இதைப் பேசிப் பேசி, செலவு பிடிக்கும் கூடுதல் சர்வர் ஏற்பாட்டைக் கைவிட்டது. மாதத்தின் கடைசி மூன்று நாள் எந்த மாற்றமும் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தது. யோசனை அவர்களுடையது.

இன்னொரு கணக்கு: 100க்கு விற்றால் 70 நேரடிச் செலவுக்குப் போய் 30 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவில் 3 குறைத்தால், புதிதாக 10க்கு விற்றதற்குச் சமம். இதைப் போர்டில் எழுதியதும் சர்வர் வாடகையை எல்லோரும் மேய ஆரம்பித்துவிட்டார்கள். சரி, குறைப்பதற்குப் போகும் ஆள்நாட்களும் செலவுதான் என்று உடனே ஒரு கடிவாளம் போட வேண்டியிருந்தது.

பேச்சையும் கொஞ்சம் திருத்த வேண்டும். "லைப்ரரி பழசு, மாத்தணும்" என்று (லைப்ரரி என்பது வேறொருவர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) வரும் கோரிக்கையை நான் திருப்பி அனுப்புவேன். "மார்ச்சுக்குப் பிறகு இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது, ஜூனில் வாடிக்கையாளரின் தணிக்கை இருக்கிறது" என்று வந்தால் அன்றே கையெழுத்து. இப்போதைக்கு ஓடினால் போதும் என்று எழுதிவிட்டுப் பின்னால் திருத்த வேண்டியிருக்கும் கோடை 'தொழில்நுட்பக் கடன்' என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தக் கடன் உவமையை 1992ல் எழுதிவைத்த அமெரிக்க புரோகிராமர் வார்டு கன்னிங்ஹாம் அப்போது செய்துகொண்டிருந்தது பண முதலீடுகளை நிர்வகிக்கும் மென்பொருள். கடனும் வட்டியும் புரிந்த மேலதிகாரிக்கு அந்தப் பாஷையிலேயே சொன்னார். ஆகவே யாராவது கடன் என்றால், வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். "இந்த மாட்யூலைத் தொட்டாலே எந்த வேலைக்கும் இரண்டு நாள் கூடுது" என்பது நல்ல பதில்.

வாடிக்கையாளர் கூட்டங்களுக்கும் அழைத்துப் போங்கள், ஆனால் பேசவிடாதீர்கள். பேசினால் உடனே தீர்வு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். வாடிக்கையாளர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே எழுதிவருவது மட்டும்தான் வேலை.

ஒரு எச்சரிக்கை. நான்கு தொழில் வார்த்தை கற்றதும் சிலர், டெஸ்ட் எழுதுவதையே "இதுல என்ன வருமானம்?" என்று வெட்டப் பார்ப்பார்கள். அவர்களை அந்த மாட்யூலின் புகார் அழைப்புகளைக் கேட்க ஒரு வாரம் உட்கார வையுங்கள்.

எண்களை மறைக்காதீர்கள் என்பதை மேனேஜர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். லாபத்தை வெளியே சொல்ல அனுமதியில்லையா, விகிதமாவது சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் "இவங்களுக்குப் பிசினஸே புரியல" என்று புலம்பாதீர்கள்.

போன மாதம் அதே டேட்டாபேஸ்காரர் என் மேஜைக்கு வந்தார். ஒரு வாடிக்கையாளர் புது டாஷ்போர்டு கேட்கிறார். "மேடம், செஞ்சிடலாம். ஆனா அவங்களுக்கு நாம செய்ற சப்போர்ட் செலவு போக, அந்தக் கான்ட்ராக்ட்ல நமக்கு ஏதாவது மிஞ்சுதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இருவருமாக எழுந்து கணக்குப் பிரிவுக்குப் போனோம்.