பெயர்ப்பலகையை விடுங்கள், போர்டைப் படியுங்கள்: புது சிப்பில் பிறந்த முதல் யூனிக்ஸ் மெஷின்களைத் தேடுவது எப்படி

முன்பக்கத்தில் சன் 4/260 என்று போட்டிருந்த ஒரு பெட்டிக்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன். சன் நிறுவனம் தானே வடிவமைத்த நுண்செயலியான ஸ்பார்க் சிப் முதன்முதலில் விற்பனைக்கு வந்த மெஷின் அது. 1987 ஜூலையில் அறிவித்தார்கள். பெட்டி வந்தது, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி சிபியு போர்டை வெளியே இழுத்தேன். நான் எதிர்பார்த்தது ஃபுஜித்ஸு செய்த முதல் ஸ்பார்க், எம்பி86900. உள்ளே இருந்ததோ சைப்ரஸ் நிறுவனத்தின் 7சி601. இரண்டு வருஷம் கழித்து வந்த 25 மெகாஹெர்ட்ஸ் தலைமுறை. யாரோ ஒரு காலத்தில் பழைய போர்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி, அந்தப் பெட்டியை 4/360 ஆக மாற்றியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்று புரிந்துகொண்டதுதான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. அந்தக் காலத்து வொர்க்ஸ்டேஷன் (பொறியாளரோ ஆய்வாளரோ வைத்து வேலை செய்த சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்) விலை உயர்ந்த பொருள். புது சிப் வந்ததும் பெட்டியை மாற்ற மாட்டார்கள், போர்டை மட்டும் மாற்றுவார்கள். சிப்பின் முதல் தலைமுறைதான் முதலில் குப்பைக்குப் போகும். அதனால் பெயர்ப்பலகைகள் நிறையக் கிடைக்கும், உண்மையான முதல் போர்டு அபூர்வமாகத்தான் கிடைக்கும். இது நேர்மாறாகவும் நடக்கும். சன் 3/260, 4/260 இரண்டும் ஒரே 12 ஸ்லாட் பெட்டி. மோட்டரோலாவின் 68020 சிப் போட்ட பழைய மெஷின் என்று யாரும் சீண்டாமல் கிடக்கிற 3/260 ஒன்றுக்குள் முதல் ஸ்பார்க் போர்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் கடைசியில் கிடைத்தது.

எதைத் தேடுகிறோம்

ஒரு புது நுண்செயலி பிறந்து, விலை கொடுத்து வாங்கக்கூடிய, யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் வொர்க்ஸ்டேஷனில் ஆரம்பத்திலேயே இடம்பிடித்தது என்றால்தான் நான் கணக்கில் எடுப்பேன். இந்த அளவுகோலில் 1981ன் அப்பல்லோ டிஎன்100 வராது. இரண்டு 68000 சிப்புகள் கொண்ட அருமையான மெஷின்தான், ஆனால் அதில் ஓடியது ஏஜிஸ், யூனிக்ஸ் அல்ல.

மோட்டரோலா 68000க்கு 1982ன் சன்-1. இதிலும் போர்டு மாற்றும் கதை உண்டு. 68000 சிப்பில் ஒரு பேஜ் ஃபால்ட் வந்தால், அதாவது தேவையான பக்கம் மெமரியில் இல்லாமல் போனால், பாதியில் நின்ற கட்டளையை மீண்டும் சரியாகத் தொடர வழியில்லை. டிஸ்கையும் மெமரி போலப் பயன்படுத்தும் விர்ச்சுவல் மெமரிக்கு அது ஆகாது. அடுத்து வந்த 68010 சிப் அந்தக் குறையைத் தீர்த்ததும் சன்-1 பெட்டிக்குள் புது போர்டை வைத்து 100யு என்று கொடுத்தார்கள். அசல் 68000 போர்டோடு இருக்கும் சன்-1 உங்கள் கண்ணில் பட்டால், மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதைக் கவனியுங்கள்.

ஐபிஎம்மின் ரோம்ப் சிப்புக்கு 1986ன் ஆர்டி பிசி. மிப்ஸ் ஆர்2000க்கு சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஐரிஸ் 4டி வரிசையின் தொடக்க மாடல்கள், பிறகு 1989 ஜனவரியில் வந்த டெக்ஸ்டேஷன் 3100. ஃபேர்சைல்டின் கிளிப்பர் சிப்புக்கு இன்டர்கிராஃப் மெஷின்கள். மோட்டரோலா 88000க்கு 1989ன் டேட்டா ஜெனரல் ஏவியான். ஏஆர்எம் சிப்புக்கு, அதே 1989ல் ஏகார்ன் ஆர்140. இந்தக் கடைசி மெஷின்மேல் எனக்குத் தனிப் பிரியம். அதன் மெமரி கன்ட்ரோலரால் 128 பக்கங்களுக்கு மேல் கையாள முடியாது. மொத்த மெமரியான 4 எம்பியை 128ஆல் வகுத்தால் ஒரு பக்கம் 32 கேபி. அவ்வளவு பெரிய பக்கங்களை வைத்துக்கொண்டு பிஎஸ்டி யூனிக்ஸை ஓட வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

முதல் வேட்டை என்றால் டெக்ஸ்டேஷன் 3100ஐத்தான் சொல்வேன். ஒரே ஆள் தூக்கலாம், போர்டு மாற்றும் குழப்பமும் குறைவு. சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 1ம் நல்ல தொடக்கம். முதல் ஸ்பார்க் இல்லை என்றாலும், பழகிக்கொள்ள அதைவிட நல்ல மெஷின் கிடையாது.

எங்கே, எந்தப் பெயரில்

விற்பவருக்குத் தன்னிடம் இருப்பது யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன் என்று பெரும்பாலும் தெரியாது. "பழைய சர்வர்", "கேட் (CAD) சிஸ்டம்", "கம்ப்யூட்டர் பெட்டி, சோதிக்கவில்லை" என்றுதான் போடுவார். ஆகவே சிப்பின் பெயரால் தேடினால் ஒன்றும் வராது. பின்பக்க ஸ்டிக்கரில் என்ன எண் இருக்குமோ அதைத் தேடுங்கள். ஆர்டி பிசியை அந்தப் பெயரில் போடுபவர்கள் குறைவு; 6150, 6151 என்ற எண்களில் கிடைக்கும். சன் போர்டுகள் 501 என்று தொடங்கும் எண்ணில் கிடைக்கும். கிளிப்பர் வேண்டுமென்றால் அந்தச் சொல்லையே மறந்துவிட்டு, வரைபடம் போடும் நிறுவனங்கள் கழித்துக்கட்டும் இன்டர்கிராஃப் சாமான்களைப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் இவற்றை வாங்கியவர்கள் யார் என்று யோசித்தாலே பாதித் தேடல் முடிந்தது. சிப் வடிவமைப்பு, இயந்திர வரைவு, நில வரைபடம், பல்கலைக்கழக ஆய்வகம். இவற்றில் ஆய்வகங்கள்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தன. ஏதோ ஒரு அளவீட்டுக் கருவியோடு இணைத்து வைத்த மெஷினை, கருவி ஓடுகிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். போர்டை மாற்றினால் சாஃப்ட்வேர் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் அப்படியே விட்டிருப்பார்கள். அந்த பயம்தான் நமக்காக முதல் போர்டுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஓய்வு பெறுகிற ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவரிடம் பேசுவது, நூறு விளம்பரங்களைப் புரட்டுவதைவிட மேல்.

விற்பவரிடம் எப்போதும் நான் கேட்பது இரண்டே படங்கள்: பின்பக்கம் முழுவதும் ஒன்று, சிபியு போர்டின் பார்கோடு ஸ்டிக்கர் கிட்டத்தில் ஒன்று. "ஸ்விட்ச் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்த பவர் சப்ளைக்கு அதுவே கடைசி நாளாகிவிடும்.

போர்டைப் படிப்பது

மெஷின் கைக்கு வந்ததும் ஸ்விட்சைத் தொடாமல் டார்ச், பூதக்கண்ணாடி, நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சிப்பின் பெயர். இங்கே ஏமாறாதீர்கள்: மிப்ஸ் நிறுவனம் தன் சிப்பைத் தானே வார்க்கவில்லை, மற்றவர்களிடம் கொடுத்துச் செய்தது. அதனால் ஆர்2000 என்பது எல்ஆர்2000, ஐடிடி79ஆர்2000, பிஆர்2000 என்று பல பெயர்களில் இருக்கும். எல்லாம் ஒரே குடும்பம்தான். சன் 4/260ல் எம்பி86900க்குப் பக்கத்தில் வைடெக் 1164, 1165 என்ற இரண்டு மிதவைப்புள்ளிச் சிப்புகள் (தசம எண் கணக்குகளைப் போடுபவை) இருக்க வேண்டும். இந்தக் கூட்டணியைப் பார்த்துவிட்டால் முதல் தலைமுறை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்து தேதி. ஏறக்குறைய எல்லாச் சிப்பிலும் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 8734 என்றால் 1987ன் 34வது வாரம். சிபியுவின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. பதினைந்து இருபது சிப்புகளின் தேதியை நோட்டில் எழுதுங்கள். அவற்றில் மிகப் பிந்தியது எதுவோ, போர்டு அதற்கு முன்னால் முழுமையாகியிருக்க முடியாது. என்னுடைய போர்டில் எல்லாம் 1987ல் அடங்க, ஒரே ஒரு மெமரிச் சிப் மட்டும் 1990 என்றது. அதைச் சுற்றி ஈயப்பற்று வேறு மாதிரி மின்னியது. பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். அப்படித் தனித்து நிற்பதை ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: சன் மெஷின்களின் ஐடிப்ராம். மெஷினின் அடையாளத்தைச் சேமித்து வைக்கும், சாக்கெட்டில் செருகிய சின்னச் சிப், மொத்தமே 32 பைட். முதல் பைட் வடிவ எண். இரண்டாவது பைட் மெஷின் வகை: 4/260க்கு 21, 3/260க்கு 13, ஸ்பார்க்ஸ்டேஷன் 1க்கு 51, எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்கள். அதற்கடுத்த ஆறு பைட் ஈதர்நெட் முகவரி. அது 8:0:20 என்று தொடங்கினால் சன்னின் சொந்த எண். பிறகு நாலு பைட்டில் தயாரிப்புத் தேதி, 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகளாக. அதற்குப் பின் மூன்று பைட் வரிசை எண், ஒரு பைட் சரிபார்ப்பு. அந்த நாலு பைட்டைக் கணக்குப் போட்டு, ஒரு நாளும் மணியும் திரையில் வந்து நின்றபோது, ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் படித்த மாதிரி இருந்தது.

ஒரு எச்சரிக்கை. போர்டு பழுதானால் அதே மாடல் புது போர்டில் பழைய ஐடிப்ராமைச் செருகுவது வழக்கம். லைசென்ஸ் எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்ததே காரணம். அதனால் ஐடிப்ராம் தேதியைச் சிப் தேதிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஸ்பார்க்ஸ்டேஷன் 1ல் இந்த 32 பைட்டும் எம்கே48டி02 என்ற கடிகாரச் சிப்பில் இருக்கின்றன. அதன் பேட்டரி சிப்புக்குள்ளேயே வார்த்து மூடப்பட்டது. இத்தனை வருஷத்தில் நிச்சயம் செத்திருக்கும், உள்ளிருந்த அடையாளமும் அழிந்திருக்கும். ஆனால் சிப்பின் முதுகில் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஈதர்நெட் முகவரியின் கடைசி ஆறு எழுத்துகள். சிப்பை மாற்றுவதற்கு முன்னால் அதைப் படம் எடுங்கள். புது சிப்பில் அந்த எண்ணையே எழுதினால் மெஷினுக்கு அதன் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கும். சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஸ்டிக்கரைத் துடைத்தெடுத்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவே இல்லை.

உயிர் கொடுப்பது

பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, மின்னழுத்தத் தேர்வு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கெபாசிட்டர் அடியில் பிசுக்கோ, மீன் நாற்றமோ இருந்தால் மாற்றாமல் போடக்கூடாது. போர்டு இல்லாமல், ஒரு சுமை கொடுத்து 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே போர்டோடு இணைப்பது.

ஹார்டு டிஸ்கை முதல் நாளே மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்கஸி (SCSI) இணைப்பு கொண்ட டிஸ்க் என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, எதையும் எழுதாமல், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பிரதி எடுங்கள். சுழலும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கலாம், அந்த ஒருமுறையைப் பூட் பண்ணுவதில் செலவழிக்காதீர்கள். பிரதியை லினக்ஸில் யுஎஃப்எஸ் என்ற யூனிக்ஸ் கோப்பு அமைப்பின் சன் வகையாகப் படிக்க மட்டும் திறக்கலாம். முதல் தலைமுறை மெஷினுக்கு முதல் தலைமுறை சிஸ்டம் வேண்டும். ஸ்பார்க்ஸ்டேஷன் 1ஓடு வந்தது சன்னின் யூனிக்ஸான சன்ஓஎஸ் 4.0.3சி. அந்த டிஸ்கில் அது இருந்தால் பெட்டியைவிட அதுவே பெரிய சொத்து. கூடவே கார்ட்ரிட்ஜ் டேப் வந்திருந்தால் ஆர்வத்தில் டிரைவில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் இழுவைப் பட்டை அறுந்துபோகும், டிரைவின் ரப்பர் உருளை உருகி டேப்பில் ஒட்டும். இரண்டையும் புதுப்பித்த பிறகே கை வைக்க வேண்டும்.

மானிட்டர் தேடி நாளை வீணாக்க வேண்டாம். சன் மெஷினில் கீபோர்டைச் செருகாமல் விட்டால் கன்சோல், அதாவது மெஷின் நம்மோடு பேசும் வழி, தானாக முதல் சீரியல் போர்ட்டுக்குப் போய்விடும்: வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை. 4/260 போர்டின் விளிம்பில் எட்டுக் குட்டி விளக்குகளும், சாதாரணம், சோதனை என்று இரண்டு நிலை கொண்ட ஒரு ஸ்விட்சும் இருக்கும். சோதனைப் பக்கம் தள்ளினால் ஒவ்வொரு பரிசோதனையும் சீரியல் வழியாக வரி வரியாக வரும். விளக்குகள் ஒரே அமைப்பில் உறைந்து நின்றுவிட்டால் அந்த அமைப்பை எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நின்றது என்பதைக் கையேட்டின் அட்டவணை சொல்லும். ஸ்பார்க்ஸ்டேஷன் 1ல் பூட் டிஸ்க் ஸ்கஸி எண் 3ல் இருக்க வேண்டும், 0ல் அல்ல. இது தெரியாமல் நல்ல டிஸ்கைச் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அசல் டிஸ்க் சுழலாவிட்டால் ஸ்கஸியை மெமரி கார்டுக்கு மாற்றும் அடாப்டர் போட்டு, எடுத்து வைத்த பிரதியிலிருந்தே பூட் செய்யலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு அட்டையில் போர்டு எண், சிப் தேதிகள், 32 பைட் ஐடிப்ராம் முழுவதும், நீங்கள் மாற்றிய ஒவ்வொரு பாகம், மாற்றிய நாள் எல்லாவற்றையும் பேனாவால் எழுதி, பெட்டியின் உள்பக்கக் கதவில் ஒட்டுங்கள். அடுத்து ஸ்க்ரூவைக் கழற்றப் போகிறவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.