டின் மீன் கெட்டதை மூக்கு சொல்லாது

மாரி தொடங்குமுன் மட்டக்களப்பில் அரிசி, பருப்போடு நாலைந்து டின் மீனும் வாங்கி வைப்போம். தோணி கடலுக்குப் போகாத நாட்களில் கறிக்கு அதுதான் கைகொடுக்கும்.

வாங்கியதை அடுப்புக்கு மேல் தட்டிலோ, தகரக் கூரைக்குக் கீழே பறணிலோ வைப்பதுதான் முதல் பிழை. 30 பாகை செல்சியசுக்குக் கீழே இருப்பது நல்லது. 38ஐத் தாண்டினால் விரைவில் கெடும். நிலத்தில் வைத்தால் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து அடிப்பக்கம் கறள் பிடிக்கும். நிழலான அலுமாரியில், பழையதை முன்னுக்கு வையுங்கள்.

துணியால் துடைத்தால் போகிற கறள் பரவாயில்லை. சுரண்டும்போது செதிலாகக் கழன்று குழி தெரிந்தால் வேண்டாம். வயிற்றுப் பக்கத்துச் சின்ன நெளிவைப் பொறுக்கலாம். மூடி பொருந்துகிற விளிம்பு நெளிந்திருந்தால், கடையில் விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். அந்த மூட்டில் மயிரளவு விரிசல் போதும், கிருமி உள்ளே போய்விடும். இரண்டு பக்க மூடியையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல டின் அசையாது. 'டிக்' என்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கலாம். அதைத் திறக்கவே கூடாது. இரண்டு பைகளில் கட்டி எறியுங்கள், நாய்க்கும் கோழிக்கும் போடாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மோந்து பார்த்து முடிவு செய்கிற பழக்கம். காற்றுப் புகாத டின்னுக்குள் வளரும் ஒரு கிருமி உண்டாக்குவது பொட்டுலினம் நஞ்சு; அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பதே ஆபத்து.

'நல்லாக் கொதிக்க வைத்தால் சரி' என்பதையும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் பகல் திறந்த டின்னில் பாதியை, மேலே தட்டை வைத்து மேசையில் விட்டுவிட்டோம். இரவு அதைப் பிரட்டி புட்டோடு சாப்பிட்ட தம்பிக்கு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, தலையிடித்தது. வைத்தியர் முதலில் கேட்டதே, மீனை எப்போது திறந்தீர்கள் என்றுதான். மெக்கரல் போன்ற மீன் சூட்டில் கிடந்தால், ஒவ்வாமை போலத் தாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் உண்டாகும்; எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. மிச்சத்தை உடனே மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி பிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளைக்குள் முடியுங்கள். பிரிட்ஜ் இல்லாவிட்டால் அந்த வேளைக்கே சமைத்து முடிக்கக்கூடிய சின்ன டின்னாக வாங்குங்கள்.

வெள்ளத்தில் நனைந்த டின்னில் நெளிவோ கசிவோ இல்லையென்றால் காப்பாற்றலாம். முடிவுத் திகதியைக் குறித்துக்கொண்டு லேபிளை உரித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, தண்ணீரில் போட்டுக் கொதி வந்த பிறகு இரண்டு நிமிடம் விடுங்கள். அப்புறம் திகதியை மார்க்கரால் டின்னிலேயே எழுதுங்கள். திருகு மூடிப் போத்தல்களை வெள்ளம் தொட்டிருந்தால் எறிவதுதான் வழி.

டின் உணவு சாப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் பார்வை இரட்டையாகத் தெரிந்தால், இமை தொங்கினால், விழுங்கக் கஷ்டமானால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வெறும் டின்னையும் பையில் கட்டிக் கொண்டுபோங்கள்.