வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்கிறீர்களா? முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்

மார்கழிக் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் எல்லோரும் பனியைத்தான் திட்டுகிறோம். வேலூர்ப் பனிக்கு அவ்வளவு பலம் கிடையாது. 0 டிகிரிக்குப் போனால்தான் பேட்டரியின் திறன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும்; நமக்கு விடியற்காலையில் 20-க்குக் கொஞ்சம் கீழே இறங்குவதோடு சரி. அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளே தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகள் அரித்துப்போயிருக்கும். அது தெரியவருவது டிசம்பரில். அதோடு மழைக்காகவோ, செமஸ்டர் லீவுக்காகவோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கவோ வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டுப் போனால் கதை முடிந்தது.

1. அளந்து பாருங்கள்

சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் பொய்க்கணக்கு காட்டும். 12.6-க்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும்; அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய நிலைக்கு வராது.

2. தண்ணீர்

மூடி திறக்கிற வகை என்றால் மட்டும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது. கேன் தண்ணீரும் ஆகாது, அதிலும் உப்பு இருக்கிறது. ஆசிட் ஊற்றவே வேண்டாம். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏறிய பிறகு மேல்கோடு வரை நிரப்புங்கள். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

3. முழு சார்ஜ்

சாதாரண சார்ஜரில் பேட்டரியின் ஆம்பியர்-மணியில் (அதன் கொள்ளளவு, பெட்டி மேல் Ah என்று போட்டிருக்கும்) பத்தில் ஒரு பங்கு கரன்ட் என்பது நல்ல கணக்கு. 35 ஆம்பியர்-மணி கார் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர்; பைக்கின் 4 ஆம்பியர்-மணிக்கு 0.4. கார் சார்ஜரை அப்படியே பைக்கில் மாட்டினால் பேட்டரி வெந்துவிடும். கிளிப்புகளை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான திண்ணையில் வையுங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது.

4. மைனஸைக் கழற்றுங்கள்

வண்டி நிற்கும்போதும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் தரைதட்டிவிடும்!

பெரும்பாலான கார்களில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் மைனஸ்தான். பிளஸ்ஸில் ஆரம்பித்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கழற்றுங்கள். பிறகு ரிமோட் வேலை செய்யாது. உலோகச் சாவி கையில் இருக்கட்டும், டிக்கிக்குள் வைத்து மூடிவிடாதீர்கள்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது.

5. எங்கே வைப்பது?

வண்டியிலேயே இருக்கலாம். வெளியே எடுத்தால் நிழலான, ஈரமில்லாத இடம். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய மரப்பெட்டி, ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. சூடுதான் எதிரி, சூடு ஏற ஏறத் தானாகவே வேகமாக இறங்கும்.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போகிற ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. லே, காஷ்மீர் பக்கம் வண்டி வைத்திருந்தால் கணக்கே வேறு. முழு சார்ஜில் உள்ள ஆசிட் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியில் கிட்டத்தட்ட தண்ணீர்தான் மிஞ்சும். மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி வெடிக்கலாம். உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது.

6. மாதம் ஒருமுறை

வீட்டில் இருப்பவரிடம் மீட்டரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ். தினம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐடிலில் ஏறுவது சொற்பம், என்ஜினும் சரியாகச் சூடாகாது. ஓட்டுவதென்றால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரிக்கு இதற்கு நேர்மாறு: முழு சார்ஜில் கிடத்தாதீர்கள், பாதி வாக்கில் விடுங்கள். கம்பெனி கையேடு வேறு சொன்னால் அதன்படி.

7. திரும்பி வந்ததும்

முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிவிட்டு மேலே வாஸ்லின் தடவுங்கள். முழு சார்ஜ் போட்டும் ஒரே ராத்திரியில் 12.4-க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரிக்கு ஆயுசு முடிந்தது. புதுசு வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பவர்களே பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 2022-இன் பேட்டரிக் கழிவு விதி. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடைக்கு வாங்குபவரிடம் போட வேண்டாம்.