மேட்தான், ஆனால் தப்பாம்: செஸ் புதிர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலங்களில் நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மூன்றாவது படிக்கிற பையன் ஒருவன் அப்பாவின் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். செஸ் புதிர்ச் செயலி ஒன்று. திரையில் சிவப்புப் பெருக்கல் குறி. "மேட்தானே சார் வருது? ஏன் சார் தப்புங்குது?"

நிலை இதுதான் (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). கறுப்பு ராஜா ஜி8 கட்டத்தில் தனியாள். வெள்ளைக்கு ஏ7-இல் ஒரு யானை, பி1-இல் இன்னொரு யானை, ஜி1-இல் ராஜா. பி1 யானையை நேரே பி8-க்கு ஏற்றினால் அங்கேயே மேட், அதாவது ராஜா தப்பவே முடியாத செக், ஆட்டம் முடிந்தது. இவன் அதை பி6-இல் நிறுத்தினான். ஏழாவது வரிசையை மற்ற யானை அடைத்திருக்கிறது. கறுப்பு ராஜா எஃப்8-க்கோ எச்8-க்கோதான் நகர முடியும். எங்கே போனாலும் அடுத்து யானை பி8, மேட். தப்ப வழியே இல்லை. இருந்தும் செயலி தவறு என்று சொல்லி, அவனுடைய ரேட்டிங் புள்ளியிலும் கை வைத்துவிட்டது.

பலகையில் ஆடியிருந்தால் பையன் செய்ததில் குறையே கிடையாது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி எதிராளியின் ராஜாவுக்கு மேட் வைத்தவருக்கு ஒரு புள்ளி. இருபதாவது நகர்வில் வைத்தாலும் அறுபதாவதில் வைத்தாலும் அதே ஒன்றுதான். எங்களுக்குப் பக்கத்துப் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத இளவரசியை, சிவபெருமான் வேடம் மாறி வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலக்கதை. எத்தனை நகர்வில் வென்றார் என்று இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை.

ஆனால் புதிர் என்பது ஆட்டம் இல்லை, கேள்வி. பிள்ளைகளும், பெரியவர்களும்கூட, முதலில் சறுக்குவது இங்கேதான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. "2 நகர்வில் மேட்" என்று போட்டிருந்தால் அந்த 2-உம் கேள்வியில் சேர்த்தி. மூன்றில் வைத்துவிட்டு மேட்தானே என்று சண்டைக்குப் போகக் கூடாது. கையால் புதிர் அமைப்பவர்கள் இதில் ரொம்பக் கறார். கேட்ட எண்ணிக்கைக்குள் மேட் தரும் முதல் நகர்வு இரண்டு இருந்துவிட்டால் புதிரே பழுது என்று தள்ளிவிடுவார்கள். "வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்" என்று மட்டும் இருந்தால் கதை வேறு. பையனின் திரையில் இருந்தது அதுதான்.

அடுத்த தவறுதான் நான் அதிகம் பார்ப்பது. மெதுவான மேட் என்று நாம் நினைப்பதில் பாதி, மேட்டே இல்லை. ஒரு நிலை சொல்கிறேன், பலகை இருந்தால் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி இ2, யானை இ1, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, யானை டி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. ராணியை இ8-இல் கொண்டுபோய்ச் செக் வைக்க வேண்டும். ராஜாவுக்கு நகர இடமில்லை, குறுக்கே நிறுத்தவும் ஆளில்லை. யானையால் ராணியை வெட்டுவது ஒன்றுதான் வழி. வெட்டியதும் நம் யானை இ8-இல் வெட்டினால் மேட். மொத்தம் இரண்டே நகர்வு.

இதைக் கண்டுபிடித்த ஒரு பெண், "முதல்ல என் ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்துக்கிறேன், மேட் எங்க போயிடப் போகுது" என்று எச்2 சிப்பாயை எச்3-க்குத் தள்ளினாள். எதிராளியும் அதே மாதிரி எச்6 ஆடி ஜன்னலைத் திறந்துகொண்டான். இப்போது இ8-இல் எல்லாம் வெட்டி முடிந்ததும் ராஜா சாவகாசமாக எச்7-க்கு இறங்கிவிடுகிறார். முதல் பையனின் பி6-க்கும் இந்த எச்3-க்கும் உள்ள வித்தியாசம், எதிராளிக்குக் கிடைக்கிற அந்த ஒரு நகர்வை அவன் வைத்து என்ன செய்ய முடியும் என்பதுதான். அங்கே ஒன்றும் முடியாது, இங்கே முடியும். செயலியோடு மல்லுக்கு நிற்பதற்கு முன், எதிராளியின் ஒவ்வொரு பதிலையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

பையனைக் கூட்டிப்போக வந்திருந்த அவனுடைய தாத்தா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். விவசாயி. "குறுவையும் நெல்லுதான், சம்பாவும் நெல்லுதான் தம்பி. வயல்ல எத்தன நாளு நிக்குதோ அத்தன நாளும் மழைக்குப் பயந்துகிட்டு கெடக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

பயப்பட வேண்டிய இன்னொன்று ஸ்டேல்மேட். கறுப்பு ராஜா எச்8-இல், நம் ராஜா எஃப்7-இல், ராணி ஜி1-இல். ராணியை எச்1-க்கு நகர்த்தினால் மேட். இன்னும் கொஞ்சம் நெருக்கிவிட்டு வைக்கலாம் என்று ஜி6-க்குக் கொண்டுபோனால் டிரா. செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை.

சரி, இதுவரை ஆடுபவர் பக்கத்துத் தவறுகள். புதிர் போடுபவர்கள் பக்கம் வருவோம். மெதுவான மேட்டையும் சரி என்று ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ராணியும் ராஜாவும் தனி ராஜாவுக்கு எதிராக இருந்தால், சரியாக ஆடினால் எங்கிருந்து தொடங்கினாலும் அதிகபட்சம் 10 நகர்வில் மேட். ஒரு யானை என்றால் 16. பிஷப்பும் குதிரையும் என்றால் 33. ராணி வைத்திருப்பவர் அதைப் பறிகொடுக்காமல், ஸ்டேல்மேட்டும் ஆக்காமல் எதை நகர்த்தினாலும் அது ஒரு மெதுவான மேட்டின் முதல் நகர்வுதான். எல்லாவற்றுக்கும் பச்சை டிக் போட்டால் அப்புறம் புதிர் எதற்கு?

அதனால் என் கணக்கில் தவறு நடப்பது விடை திருத்தும்போது இல்லை, நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது. நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் நிரலான இன்ஜின், இருப்பதிலேயே குறுகிய மேட்டைத்தான் முதலில் காட்டும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற வழிகளைப் பார்க்காமல் விட்டால், பையனுக்கு வந்த மாதிரி ஒரு புதிர் வரும். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளம் இதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறது. தீர்ப்பவர் ஆட வேண்டிய ஒவ்வொரு நகர்வும் அந்த இடத்தில் ஒரே நகர்வாக இருக்க வேண்டும். வேறு எதை ஆடினாலும் நிலைமை நன்றாகவே மோசமாக வேண்டும். ஒரே நகர்வில் வைக்கும் மேட்டுக்கு மட்டும் விலக்கு. அது பல விதமாக இருக்கலாம், எதை வைத்தாலும் சரி.

இன்னொரு பாதிப்பு வெளியே தெரிவதில்லை. லிசெஸ் போன்ற இடங்களில் நாம் ஒரு புதிரைத் தீர்க்க முயல்வது, நமக்கும் அந்தப் புதிருக்கும் நடக்கிற ஆட்டமாகவே கிளிக்கோ-2 என்ற ரேட்டிங் முறையில் கணக்காகிறது. நமக்குப் புள்ளி குறைந்தால் புதிருக்கு ஏறும். நன்றாக ஆடுகிறவர்கள் மெதுவான மேட்டை ஆடித் 'தோற்க'த் தோற்க, சாதாரணப் புதிர் ஒன்று பெரிய கஷ்டமான புதிராகப் பட்டியலில் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட புதிர் கண்ணில் பட்டுவிட்டால், "மேட் வரும், ஆனால் இதைவிடக் குறுகிய வழி இருக்கிறது, மறுபடி பார்" என்று காட்டிப் புள்ளியைத் தொடாமல் விடுவதே நியாயம். நேரத்தை வைத்து ஓடுகிற புதிர்ப் பந்தயத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே நல்ல புதிராகப் பொறுக்கிப் போடுவது ஒன்றுதான் வழி.

பையனிடம் பி8-ஐ ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "நீங்கதானே சார் ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியா ஏறணும்னு சொன்னீங்க" என்றான். உண்மைதான். இரண்டு யானை மேட்டை ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசை வரிசையாகத்தான் காட்டியிருந்தேன். படியைத் தாண்டியும் ஏறலாம் என்று சொன்னதே இல்லை. இப்போதெல்லாம் அந்தப் பாடத்தில் இரண்டாவது யானையை பி1-லேயே விட்டுவிட்டு, "இங்கிருந்து எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன்.