புதர் மண்டிப் போன நிலத்த டிராக்டரும் பிரஷ் கட்டரும் வச்சு சுத்தம் பண்றது

நாலஞ்சு வருஷம் யாரும் கால் வைக்காத நிலத்துல ஆள் உயரத்துக்குப் புல்லு, அதுக்குள்ள முள்ளு, முள்ளுக்குள்ள கொடின்னு எல்லாம் பின்னிக்கிட்டு கெடக்கும். இத பாத்ததும் எல்லாரும் பண்ற தப்பு, டிராக்டர் பின்னாடி ஸ்லாஷர, அதாவது அடியில கனமான பிளேடு சுத்தி புதர வெட்டுற கருவிய, மாட்டிட்டு நேரா உள்ள விடுறதுதான். தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. வண்டி உள்ள போறதுக்கு முன்னாடி உங்க கால் அந்த நிலம் முழுக்க போயிருக்கணும், நான் சொல்ல வர்றதுல முக்கியமானது இதுதான்.

கெட்டியான பூட்ஸ் போட்டுக்கிட்டு, நீளமான கம்பு ஒண்ணு எடுத்து முன்னாடி தரையத் தட்டிக்கிட்டே நடங்க. தட்டுனா பாம்பு இருந்தாலும் ஒதுங்கும், பள்ளம் இருந்தாலும் கம்பு காட்டிக்குடுத்துரும். தேட வேண்டியது முதல்ல கிணறு. சுத்துச்சுவர் இல்லாத பாழுங்கிணத்த கொடி மூடிருச்சுன்னா பக்கத்துல நின்னாகூட தெரியாது, டிராக்டரோட உள்ள போனா திரும்பி வர்றது கஷ்டம், அதனால முன்னாடி அந்த நிலத்துல வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு இறங்குங்க. அப்புறம் எல்லைக்கல்லு, போர் குழாய், பழைய வேலிக்கம்பி, தேன்கூடு, குளவிக்கூடு, மேல போற கரண்ட் லைன். பாத்த எடத்துல எல்லாம் உயரமான குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. குட்டைக் குச்சி நட்டா டிராக்டர் சீட்டுல இருந்து கண்ணுக்கே தெரியாது.

வேலிக்கம்பிய நான் தனியா சொல்லியே ஆகணும். ஒரு தடவ பாதி நிலம் வெட்டி முடிச்சதும் சத்தம் மாறுச்சு, நிறுத்திட்டு கீழ பாத்தா துருப்பிடிச்ச கம்பி பிளேடு ஷாஃப்ட்ட சுத்தி பந்து மாதிரி சுருண்டு, கியர்பாக்ஸோட ஆயில் சீல அறுத்து ஆயில் மொத்தமும் கொட்டிருச்சு. கம்பி புல்லுக்குள்ள படுத்துக் கெடந்துருக்கு, நான் நடந்து பாக்கல. அன்னைல இருந்து வேலி ஓரத்துல பத்தடிக்கு வண்டிய விடறதில்ல, அத கையாலதான் வெட்டுறேன்.

நடக்கவே முடியாத அளவுக்கு அடர்த்தின்னா, தோள்ல மாட்டுற பிரஷ் கட்டர வச்சு முதல்ல நடைபாதை மாதிரி வெட்டிக்கிட்டு அதுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு போகணும். கிணத்தச் சுத்தி, கல்லச் சுத்தி, மரத்தடி, வேலி ஓரம், செங்குத்தான சரிவு இதெல்லாம் பிரஷ் கட்டர் வேலை. பரந்த எடம் மட்டும்தான் டிராக்டருக்கு.

பிரஷ் கட்டர்ல எந்த பிளேடு போடுறோம்ங்கறது ரொம்ப முக்கியம். வெறும் புல்லுக்கு நைலான் கயிறு, முத்துன புல்லுக்கும் விரல் தடிமன் செடிக்கும் மூணு பல்லு பிளேடு, அதுக்கு மேல தடிச்ச குச்சின்னா ரம்பம் மாதிரி நிறைய பல்லு இருக்குற வட்ட பிளேடு. நைலான் கயிற வச்சு முள்ளுச்செடி கூட மல்லுக்கட்டுனா கயிறுதான் தீரும். பிளேடு மாட்டுற நட்டு பெரும்பாலும் இடது மரை, அதாவது கழட்டுறதுக்கு கடிகாரம் சுத்துற பக்கமா திருப்பணும், இது தெரியாம எதிர்ப்பக்கம் முறுக்கி மரைய கெடுத்தவங்க நிறைய பேரு. டூ ஸ்ட்ரோக் இஞ்சின்னா பெட்ரோல்ல ஆயில் கலக்குற அளவ வண்டியோட கையேட்டுல பாத்து அப்படியே கலங்க, சிலதுக்கு 50க்கு 1, சிலதுக்கு 25க்கு 1, குத்துமதிப்பா ஊத்துனா பிஸ்டன் பிடிச்சுக்கும். பெட்ரோல் ஊத்துற எடத்துலயே ஸ்டார்ட் பண்ணாதீங்க, 3 மீட்டராச்சும் தள்ளி வந்து பண்ணுங்க.

வெட்டும்போது பிளேட மேல இருந்து கடிகாரம் மாதிரி நெனச்சுக்கோங்க. பெரும்பாலான மெஷின்ல பிளேடு இடஞ்சுழியா சுத்தும், அதனால 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவுல இருக்குற பக்கம் கட்டையில பட்டுச்சுன்னா மெஷின் சடார்னு உதைச்சுத் தள்ளும். 8ல இருந்து 11 மணி வரைக்கும் உள்ள இடது பக்கத்த வச்சு வெட்டுங்க, புல்லுன்னா வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா அரிவாள் வீசுற மாதிரி வீசுங்க. பெல்ட்ட ரெண்டு தோள்லயும் மாட்டி, மெஷின் தானா தொங்குற மாதிரி உயரம் சரிபண்ணிட்டா நாள் முழுக்க வேலை பாக்கலாம், இல்லன்னா ஒரு மணி நேரத்துல முதுகு போயிரும். கண்ணாடி, அதுக்கு மேல முகம் மறைக்கற வலை, காதுக்கு மஃப், முழுக்கால் பேன்ட், கையுறை எதையும் விட்டுறாதீங்க. 15 மீட்டர் சுத்தி யாரும் வரக்கூடாது, யாராச்சும் தோளத் தொட்டுக் கூப்பிட வந்தா அதுதான் ஆபத்து, முன்னாடி வந்து நின்னு கைய காட்டச் சொல்லி வைங்க.

மரம், தடிச்ச புதர் இருந்தா டிராக்டருக்கு முன்னாடி அத முடிச்சுருங்க. ஸ்லாஷர்ல எவ்வளவு தடிமன் வரைக்கும் வெட்டும்னு போட்டிருக்கும், லேசானது 2.5 செ.மீ., நடுத்தரமானது 5 செ.மீ., கனமானது 7.5 செ.மீ. பக்கம் வரும், அதத் தாண்டினத ரம்பத்தால அறுக்கணும். அறுக்கும்போது சாய்வா வெட்டாதீங்க, சாய்வா வெட்டுன கட்டை ஈட்டி மாதிரி, டிராக்டர் டயர கிழிச்சுரும். தரையோட தரையா மட்டமா அறுங்க, இல்ல பின்னாடி வேரோட பிடுங்கப் போறோம்னா இடுப்பு உயரம் விட்டு வைங்க, சங்கிலி கட்டுறதுக்கும் நெம்புறதுக்கும் வசதி. டிராக்டரால இழுக்கும்போது சங்கிலிய பின்னாடி கீழ இருக்கிற டிராபார்ல, அதாவது இழுக்கறதுக்குன்னே உள்ள இரும்புச் சட்டத்துல மட்டும் மாட்டுங்க, டாப் லிங்க்லயோ (கருவிய மேல பிடிச்சிருக்கற கம்பி) ஆக்சில்லயோ மாட்டுனா முன்சக்கரம் தூக்கி வண்டி அப்படியே பின்னாடி கவுந்துரும், ஒரு நொடிக்கு மேல ஆகாது.

இப்ப டிராக்டர். டிராக்டர் பின்னாடி மாட்டுன கருவிக்கு இஞ்சின் சக்திய கொண்டு போற சுத்துற ஷாஃப்டுதான் பிடிஓ. ஸ்லாஷருக்கு அது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 540 சுத்துல ஓடும், அதாவது நொடிக்கு 9 சுத்து, லுங்கி முனையோ துண்டோ பட்டா கைய எடுக்கறதுக்கு முன்னாடி சுத்திரும். ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் கவர் இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க. ஷியர் போல்ட், அதாவது பளு அதிகமானா தானே ஒடஞ்சு கியர்பாக்ஸக் காப்பாத்துற போல்ட், ஒடஞ்சா அதே தரத்துல போல்ட் போடுங்க, கெட்டியான போல்ட் போட்டா போல்ட் தப்பிச்சு கியர்பாக்ஸ் போயிரும்.

பழைய வண்டியில ஒண்ணு கவனிக்கணும். பிடிஓவுக்கு தனி கிளட்ச் இல்லாத வண்டின்னா, கிளட்ச்ச மிதிச்சாலும் கீழ சுத்துற கனமான பிளேடோட வேகம் ஷாஃப்ட் வழியா கியருக்கு வந்து வண்டிய முன்னாடி தள்ளும், பிரேக் பிடிச்சும் நிக்காத மாதிரி இருக்கும். எதுக்க கிணறோ வேலியோ இருந்தா யோசிச்சுப் பாருங்க. இதுக்கு, பிளேடோட வேகம் திரும்ப வண்டிக்கு வராம தடுக்கற ஓவர்ரன்னிங் கிளட்ச்னு ஒண்ணு ஷாஃப்ட்ல மாட்டுவாங்க, அது இல்லாம அந்த மாதிரி வண்டியில ஸ்லாஷர் ஓட்டாதீங்க.

முதல் தடவ தரைய ஒட்டி வெட்டாதீங்க, 15 செ.மீ.க்கு மேலயே வச்சு லோ கியர்ல மெதுவா போங்க. இஞ்சின் வேகத்தக் குறைச்சு மெதுவாப் போகாதீங்க, பிடிஓ வேகம் முழுசா இருக்கணும், கியர்தான் குறையணும். உயரமா வெட்டுனா ஒளிஞ்சு இருக்குற கல்லும் கட்டையும் வெளிய தெரியும், பாத்து எடுத்துட்டு ரெண்டாவது தடவ இறக்கி வெட்டலாம். ஸ்லாஷரோட முன்பக்கம் பின்பக்கத்த விட ரெண்டு செ.மீ. தாழ இருந்தா வெட்டு சுத்தமா இருக்கும், டாப் லிங்க்ல சரிபண்ணிக்கலாம். கல்லு 100 மீட்டர் கூட பறக்கும், அதனால ஸ்லாஷர் பின்னாடி கல்லத் தடுக்கற செயின் காவல் (வரிசையா தொங்குற சங்கிலி) இருக்கணும், பக்கத்துல ஆளு, மாடு, ரோடு எதுவும் இருக்கக்கூடாது. சரிவுல குறுக்க ஓட்டாதீங்க, மேலயும் கீழயுமா ஓட்டுங்க, கவுந்தா காப்பாத்துற சட்டம் இருக்கிற வண்டின்னா சீட் பெல்ட்ட கண்டிப்பா போடுங்க.

ஓரத்துல இருந்து நடுவ நோக்கி சுத்தி சுத்தி வெட்டுனா உள்ள இருக்கற முயலு, கீரி, பறவைக்குஞ்சு எல்லாம் நடுவுல மாட்டிக்கும். நடுவுல இருந்து வெளிய வெட்டுங்க, இல்லன்னா ஒரு பக்கத்துல இருந்து அடுத்த பக்கமா, அதுங்க ஓடுறதுக்கு வழி கெடைக்கும். கூடு கட்டுற காலமா இருந்தா தள்ளிப் போடுறது நல்லது, நமக்கு ரெண்டு மாசம் ஒண்ணும் பெருசில்ல.

அரைமணிக்கு ஒரு தடவ ரேடியேட்டர் வலையப் பாருங்க. புல்லுத் தூசி அடைச்சு இஞ்சின் கொதிக்கும், காஞ்ச புல்லு சைலன்சர் மேல விழுந்தா தீப்பிடிக்கும். தண்ணி, தீயணைப்பான் வண்டியிலயே இருக்கட்டும், சூடான வண்டிய காஞ்ச புல்லு மேல நிறுத்தாதீங்க. அடைப்பு எடுக்கணும்னா பிடிஓவ அணைச்சு, இஞ்சின அணைச்சு, சாவிய பாக்கெட்ல போட்டு, பிளேடு முழுசா நின்னப்புறம்தான் இறங்கணும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில கைய விடாதீங்க, கட்டை முட்டு குடுங்க.

வெட்டுனத எரிக்காதீங்க, அப்படியே பரப்பி விட்டா மண்ணு ஈரம் காயாது. வேர்ல இருந்து மறுபடி துளிர் கண்டிப்பா வரும், முழங்கால் உயரம் வந்ததும் திரும்ப வெட்டுங்க, அடுத்தும் வெட்டுங்க, வேர்ல சேத்து வச்ச சத்து தீரத் தீரத்தான் அது அடங்கும். உடனே ரொட்டவேட்டர் விடணும்னு கை பரபரக்கும், ஆனா கட்டை இருக்குற நிலத்துல விட்டா கத்தி ஒடியும், கோரையோ அருகம்புல்லோ இருந்தா கிழங்கையும் தண்டையும் துண்டு துண்டா நறுக்கி நிலம் பூரா நட்டு வச்ச மாதிரி ஆயிரும். மூணு வெட்டு முடிஞ்சு, கட்டையெல்லாம் எடுத்து, கோரை இருக்கற எடத்த தனியா குச்சி நட்டு ஒதுக்கிட்டு அப்புறம் உழுங்க.