செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை: மலையகத்தில் பழைய கார் வைத்திருப்போருக்கான செய்முறை விளக்கம்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் மொரிஸ் மைனர், ஒஸ்டின், பழைய டொயோட்டா கொரோல்லா, நிசான் சன்னி முதலான ஸ்ரீ இலக்கத் தகட்டுக் கார்கள் இன்னும் அன்றாடப் பாவனையில் உள்ளன. சாவியைத் திருப்பியதும் செல்ப் மோட்டர் எஞ்சினை நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில்லை என்பதே அவற்றின் உரிமையாளர்கள் மழைக்காலக் காலைகளில் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல். காபரேட்டரும் (பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டரும் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்னைப் பகிரும் பாகம்) கொண்ட பெற்றோல் கார்களில், இதுவரை பொனட்டைத் திறந்து பார்த்துப் பழகாதவர்கள், எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

செல்ப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால் பற்றரியும் செல்ப் மோட்டரும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன. ஆகவே பெற்றோல் வரவில்லை, அதைப் பற்றவைக்கும் பிளக்கில் தீப்பொறி இல்லை, அல்லது எஞ்சினுக்குள் கலவையை அழுத்தும் அமுக்கம் இல்லை என்னும் மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும். பலர் உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்துக் காபரேட்டரின் திருகாணிகளைத் திருப்பத் தொடங்குகிறார்கள். நேற்று மாலை ஒழுங்காக ஓடிய காரின் காபரேட்டர் அளவு ஓர் இரவில் தானாக மாறிவிடாது. பனிமூட்டமும் ஈரமும் நிறைந்த நம் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தீப்பொறியைத்தான்.

காரைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பற்றரி இறங்கிச் செல்ப் சுற்றாதபோது அது உதவும். செல்ப் ஏற்கெனவே நன்றாகச் சுற்றும் காரை உருட்டுவதால், செல்ப் செய்த அதே வேலையைச் சில்லுகள் செய்கின்றனவே தவிர, இல்லாத தீப்பொறியோ பெற்றோலோ வந்துவிடாது. எஞ்சின் ஓடாத நிலையில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர் உள்ள காரில் பிரேக் மிகக் கடினமாகிவிடும் என்பதால், தோட்டத்து ஒடுங்கிய பாதையின் வளைவுகளில் இது உயிராபத்தானதும் கூட.

முதலில் கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சரிவான இடமாயின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். அருகில் யாரும் புகைக்கக் கூடாது. ஒரே தடவையில் 10 செக்கனுக்கு மேல் செல்ப் அடிக்காமல், ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அரை நிமிடமாவது விட்டு, அது சுற்றும் ஓசையைக் கவனியுங்கள். ஓசை இழுவையாகவும் மெதுவாகவும் இருந்தால் சிக்கல் பற்றரியில் இருக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ப் சுற்றும்போது அது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், எஞ்சின் சுற்றினாலும் தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கொயிலுக்குப் போதிய மின் கிடைக்காமல் தீப்பொறி மங்கிவிடும். தரையில் உறைபனி படியும் நுவரெலியாவின் ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் முதுமையடைந்த பற்றரி இப்படித்தான் ஏமாற்றும். உருட்டி ஸ்டார்ட் செய்வதில் பயன் கிடைப்பது பற்றரி இறங்கியிருக்கும்போது மட்டுமே. மாறாக, எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் சுழல்வதுபோல் கேட்டால், கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு நேரே செல்லுங்கள்.

அடுத்து மூக்கைப் பயன்படுத்துங்கள். பலமுறை அக்சலரேட்டரை மிதித்த பின் பெற்றோல் மணம் கடுமையாக வீசினால் எஞ்சினுக்குள் பெற்றோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையைச் செறிவாக்கும் இழுபிடி) முழுவதும் உள்ளே தள்ளி, அக்சலரேட்டரைத் தரைவரை மிதித்தபடியே வைத்துக்கொண்டு சில செக்கன்கள் செல்ப் அடித்தால் மிகை பெற்றோல் வெளியேறி எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம். கொழும்பில் ஒழுங்குபடுத்திய காபரேட்டருடன் மேலே வந்த கார்களில் இது அதிகம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவு பெற்றோலுக்குக் காற்று போதாமல் கலவை செறிவாகி, பிளக்குகள் கரி பிடிக்கின்றன.

தீப்பொறியைச் சோதித்தல்

ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மீண்டும் பொருத்தி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். கழற்றிய துளையிலிருந்து பெற்றோல் ஆவி வரும் என்பதால் பிளக்கை அத்துளையிலிருந்து தூரத்தில் வைக்க வேண்டும்; வயரை வெறுங்கையால் பிடிக்காமல் இறப்பர் பிடியுள்ள குறட்டால் பிடிக்க வேண்டும். மற்றொருவர் செல்ப் அடிக்கும்போது பிளக் முனையில் நீல நிறத்தில் திடமான பொறி பறந்தால் தீப்பொறிப் பகுதி பெரும்பாலும் சரி. மஞ்சளாக மெலிந்திருந்தால் அல்லது வராவிட்டால் கோளாறு இங்கேதான். பிளக்கின் முனையையும் பாருங்கள்: நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பல தடவை செல்ப் அடித்த பின்னும் உலர்ந்திருந்தால் வரவில்லை. இந்த ஒரு பார்வை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

பொறி இல்லையெனில் சாவியை அணைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறவுங்கள். பிளக் வயர்களைக் கழற்றத் தேவையில்லை. கழற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு ஒட்டுத்தாள் சுற்றிவிடுங்கள், ஏனெனில் வரிசை மாறினால் நல்ல காரும் ஸ்டார்ட் ஆகாது. மொரிஸ் மைனரில் அந்த வரிசை 1-3-4-2. மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஈரக் காலையில் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து மங்கலாக இருப்பது தெரியும். உலர்ந்த பருத்தித் துணியால் மூடியையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் கொயிலின் தலையையும் வயர்களையும் துடைத்து, ஈரத்தை அகற்றும் ஸ்பிரே இருந்தால் இலேசாக அடித்து, அது ஆவியாகும்வரை பொறுத்து மூடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்திலும், வடகீழ்ப் பருவமழையில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்திலும் பல கார்களுக்கு இதுவே போதும்.

துடைத்த பின்னும் மூடியின் உள்ளே ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குப் பென்சிலால் இழுத்ததுபோன்ற மெல்லிய கரிய கோடு தெரிந்தால், மின் அவ்வழியே கசிகிறது என்று பொருள்; சுரண்டிப் பார்ப்பதில் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும். மூடியின் நடுவிலுள்ள சிறிய கரித்துண்டு சுருள்வில்லின் விசையால் அசைகிறதா என்பதையும் பாருங்கள். அது தேய்ந்தோ சிக்கியோ இருந்தால் ரோட்டருக்கு மின் போகாது.

மூடி நன்றாக இருந்தால் பொயின்டை, அதாவது மூடிக்கு அடியில் திறந்து மூடும் மின் தொடுமுனையைக் கவனியுங்கள். அதன் இரு முனைகளும் கருகியிருந்தால் பொடி சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்து, முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்க்கலாம். மொரிஸ் மைனருக்கு அது ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர், ஜப்பானியக் கார்களில் பொதுவாக இதைவிடச் சற்று அதிகம், உரிய கைந்நூலில் இருக்கும். பொயின்ட் திறக்கும்போது அதன் முனையில் பெரிதாகப் பொறி பறந்தால் அப்பொறியைத் தடுக்கப் பொயின்டோடு இணைத்துள்ள கொன்டென்சர் பழுதாகியிருக்கலாம். அது மலிவான பொருள் என்பதால் ஒன்றை எப்போதும் காரில் வைத்திருப்பது நல்லது. சாவியைப் போட்டபடி நீண்ட நேரம் விட்டுவிடாதீர்கள், கொயில் சூடாகிக் கெட்டுவிடும்.

ஒரு தனி அறிகுறியை மட்டும் நினைவில் வையுங்கள். செல்ப் அடிக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்ட கணமே நின்றுவிட்டால், கொயிலுக்குச் செல்லும் பாதையில் மின்னைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டரோ சாவிச் சுவிட்சோ பழுதாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். செல்ப் அடிக்கும்போது மின் வேறு வழியாகவும், ஓடும்போது அந்த ரெசிஸ்டர் வழியாகவும் செல்வதே காரணம்.

பெற்றோல் வருகிறதா?

தாங்கியில் பெற்றோல் குறைவாக உள்ளபோது சரிவில் நிறுத்தினால், அது ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கலாம். மானி காட்டுவதை நம்பாமல் ஓரிரண்டு லீற்றர் ஊற்றிப் பாருங்கள். மொரிஸ் மைனரின் மின் பம்ப் சாவியைப் போட்டதும் சில தடவை "டிக் டிக்" என்று அடித்து நிற்க வேண்டும். ஓசையே வராவிட்டால் ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நிற்காமல் வேகமாக அடித்தால் தாங்கி வெறுமையாக இருக்கலாம் அல்லது குழாயில் காற்று புகுகிறது. எஞ்சினோடு இணைந்த பம்ப் உள்ள கார்களில், கொயிலின் வயரைக் கழற்றிவிட்டு, காபரேட்டருக்குச் செல்லும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டுச் செல்ப் அடித்தால், விட்டுவிட்டுப் பெற்றோல் பீச்ச வேண்டும். எஞ்சின் சூடாக உள்ளபோது இதைச் செய்யாதீர்கள். போத்தலின் அடியில் தெளிவான வேறொரு படலம் தங்கினால் அது நீர்.

கினிகத்தேனை வழியாகவோ றம்பொடை வழியாகவோ ஏறி, வழியில் தேநீருக்கு நிறுத்திய பிறகு கார் ஸ்டார்ட் ஆக மறுத்தால், சூட்டினால் குழாயில் பெற்றோல் ஆவியாகியிருக்கலாம். பொனட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணியைப் போட்டுக் காத்திருங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால்

மூடியைத் திறந்து வைத்துச் செல்ப் அடிக்கச் சொல்லி ரோட்டரைப் பாருங்கள். எஞ்சின் சுழன்றும் ரோட்டர் அசையாவிட்டால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்திவிடுங்கள், சில எஞ்சின்களில் மேலும் சுற்றினால் வால்வுகள் வளைந்துவிடும். ரோட்டர் சுழன்றும் எஞ்சின் தடையின்றிச் சுற்றினால் அமுக்கத்தை மானியால் அளக்க வேண்டும். இவை கராஜ் வேலைகள். கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) காரைக் கொடுக்கும்போது பிளக் நனைந்திருந்ததா, பொறியின் நிறம் என்ன, பம்ப் ஓசை வந்ததா, சூட்டிலா குளிரிலா நின்றது என்பவற்றைச் சொன்னால், அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிராது.