"முதல் பாகம் மாதிரி இல்லை" என்று எழுதுவதற்கு முன்னால்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு நோட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தவர் அதில் நாலு வரி எழுதி, புத்தகத்தோடு சேர்த்து அடுத்தவரிடம் தர வேண்டும். அந்த நாலு வரியை நம்பித்தான் அடுத்தவர் புத்தகத்தை எடுப்பார், அல்லது அப்படியே தள்ளிவிடுவார். ஒரு காதல் நகைச்சுவை நாவலின் இரண்டாம் பாகத்துக்கு நான் எழுதியது நாலு வரிகூட இல்லை, ஐந்தே சொல்: "முதல் பாகம் மாதிரி இல்லை. ஏமாற்றம்."

நோட்டை வாங்கிய பெண் கேட்டாள். "எது மாதிரி இல்லைக்கா? சிரிப்பா, காதலா?"

எனக்குப் பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் முதல் பாகத்தை மறுபடி எடுத்தேன். மேல் மாடியில் பியானோ பழுது பார்ப்பவன், கீழ் மாடியில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவள், நடுவில் அவனுக்குத் தரையாகவும் அவளுக்குக் கூரையாகவும் ஒரே தளம். அவள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள், அவன் காலால் தட்டிப் பதில் சொல்வான். தட்டலிலேயே சண்டை, தட்டலிலேயே காதல். இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொள்ளும் காட்சியில் நான் அரை மணி நேரம் சிரித்ததாக நினைவு. புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம்தான்! மீதியை இத்தனை வருடத்தில் நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலை: இரண்டாம் பாகத்தைத் திறக்கும் முன், முதல் பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். முழுவதையும் படித்தால் சிரிப்பு சலித்துவிடும், அந்தச் சலிப்பைப் புதுப் புத்தகத்தின் தலையில் கட்டுவீர்கள். ஒன்றுமே படிக்காமல் போனால் நினைவில் இருக்கும் புத்தகத்தோடு ஒப்பிடுவீர்கள். நினைவில் இருப்பதை எந்த எழுத்தாளராலும் ஜெயிக்க முடியாது.

அடுத்தது பென்சில். வாய்விட்டுச் சிரித்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சிரிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துபோன இடத்தில் ஒரு பெருக்கல் குறி. புன்னகைக்கு ஒன்றும் வேண்டாம், அதையும் குறிக்க ஆரம்பித்தால் கதை ஓடாது. (இரவல் புத்தகம் என்றால் ஒரு துண்டுத் தாளில் பக்க எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.) என் கணக்கில் முதல் பாகத்துக்கு 41 புள்ளிகள். இரண்டாம் பாகத்துக்கு 26 புள்ளிகள், 19 பெருக்கல் குறிகள். இத்தோடு நிறுத்தியிருந்தால் என் ஐந்து சொல்லே சரி என்று ஆகியிருக்கும். ஆனால் 19 பெருக்கல் குறிகளில் 16 முதல் நூறு பக்கங்களுக்குள் கிடந்தன. 26 புள்ளிகளில் 20 நூறாம் பக்கத்துக்குப் பிறகு. அதாவது புத்தகம் மோசமில்லை, தொடக்கத்தில் அரைத்த மாவையே அரைக்கிறது, பிறகு தன் சொந்தச் சிரிப்பைக் கண்டுபிடிக்கிறது. அடுத்து படிக்கப் போகிறவருக்கு வேண்டிய தகவல் இதுதான். எத்தனை புள்ளி என்பதைவிட எங்கே புள்ளி என்று பாருங்கள்.

இப்போது காதல். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முதல் பாகத்தை இழுத்துப் போவது "சேருவார்களா?" என்ற ஒரே கேள்வி. சேர்ந்துவிட்டார்கள், புத்தகம் முடிந்தது. இரண்டாம் பாகம் எழுத உட்காருபவருக்கு அந்தக் கேள்வி கையில் இல்லை. என் நாவலில் இருவரும் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள், நடுவிலிருந்த தளமே போய்விட்டது. தட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே எழுத்தாளர்கள் ஒரு மூன்றாம் ஆளைக் கொண்டுவருவார்கள், அல்லது ஒரு குழந்தையை, அல்லது வேறு ஊரில் ஒரு வேலையை. எதுவும் தோன்றாவிட்டால் சண்டை மூட்டிப் பிரித்துவிட்டு, பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி சேர்த்துவைப்பார்கள். ஆங்கில எழுத்தாளர் ஹெலன் ஃபீல்டிங்கின் முதல் பிரிட்ஜெட் ஜோன்ஸ் நாவல் 1996-இல் வந்தது. 1999-இல் வந்த தொடர்ச்சி, சேர்ந்த ஜோடியைப் பிரித்துப் பார்த்தது. 2013-இல் மூன்றாவது நாவல் வந்தபோது நாயகன் மார்க் டார்சி உயிரோடு இல்லை, பிரிட்ஜெட் விதவை. வாசகர்கள் கொதித்தார்கள். (பத்து வருடத்துக்கு மேல் ஆன ரகசியம், உடைத்ததற்கு மன்னியுங்கள்.)

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது இவர்களைப் பிரித்து வைத்திருப்பது எது? இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் விஷயமா? அப்படியானால் அதைத் தாராளமாகக் குறையாக எழுதலாம். பேசினாலும் தீராத ஒன்று, அவர்கள் இருவரின் சுபாவத்திலேயே இருப்பது என்றால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் எழுத்தாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

பிடிக்காதது வேறு, குறை வேறு. அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் லிட்டில் விமன் நாவலின் முதல் பாகத்தை 1868-இல் வெளியிட்டதும், கதையில் வரும் பெண்கள் யாரைக் கல்யாணம் செய்வார்கள் என்று கேட்டுச் சிறுமிகள் கடிதம் எழுதினார்கள். நாயகி ஜோவுக்குப் பக்கத்து வீட்டு லாரிதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டிருந்தார்கள். ஆல்காட் பிடிவாதமாக மறுத்து, 1869-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவை ஒரு பேராசிரியருக்குக் கட்டிவைத்தார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நானும் லாரி கட்சிதான். ஆனால் அதை "கதை தவறு" என்று எழுத மாட்டேன். "நான் ஆசைப்பட்டது நடக்கவில்லை" என்று எழுதுவேன். எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

இரண்டாம் பாகம் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் மிகப் பழையது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸ் டான் கிகோத்தே நாவலின் முதல் பாகத்தை 1605-இல் வெளியிட்டார். 1614-இல் வேறு யாரோ புனைபெயரில் ஒரு போலி இரண்டாம் பாகத்தை இறக்கிவிட்டார்கள். 1615-இல் அசல் வந்தது. அதன் தொடக்க அத்தியாயங்களில் ஒரு பட்டதாரி வந்து, முதல் பாகத்தைப் பற்றி ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று கதாநாயகனிடமே ஒப்பிக்கிறான்: அடிதடி அதிகமாம், நடுவில் சம்பந்தமில்லாத கதை நுழைந்துவிட்டதாம், திருடுபோன கழுதை எப்படித் திரும்பி வந்தது என்று சொல்லவில்லையாம். இரண்டாம் பாகம் எதுவும் உருப்பட்டதில்லை என்று சிலர் சொல்வதையும் அவனே சொல்லிவிடுகிறான். அந்த வாசகர்களைப் பாருங்கள், கழுதை வரைக்கும் குறிப்பாகக் கேட்டிருக்கிறார்கள். "ஏதோ குறைகிறது" என்று எழுதும் நமக்கெல்லாம் அந்தக் கழுதை நினைவில் இருக்கட்டும்.

நட்சத்திரம் போடுவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் இணையதளத்தின் அளவுகோலில் இரண்டு நட்சத்திரம் என்றால் 'பரவாயில்லை', மூன்று என்றால் 'பிடித்தது'. நம்மில் பலர் மூன்றைத் தண்டனை மாதிரி போடுகிறோம். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரியாவது எழுதுங்கள். மற்றவர்கள் போட்ட சராசரியைப் பார்க்கும்போது இன்னொன்றையும் யோசியுங்கள்: முதல் பாகம் பிடிக்காதவர் இரண்டாம் பாகத்தைத் தொடவே மாட்டார். பெயிலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்குச் சராசரி எடுப்பது போலத்தான் அது. மற்றவர்கள் கருத்தை நான் புத்தகம் முடித்த பிறகுதான் படிப்பேன், இல்லாவிட்டால் அவர்கள் சிரித்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வராது.

மொழிபெயர்ப்பில் படித்தீர்களா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிலேடை அப்படியே கடல் தாண்டாது. ஜோக் செத்துக் கிடந்தால், கொன்றது எழுத்தாளரா, மொழிபெயர்ப்பா என்று நமக்குத் தெரியாது. அதனால் என் நோட்டில் "மொழிபெயர்ப்பில் படித்தேன், உரையாடல்கள் தட்டையாக இருந்தன" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கதையை உடைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவை மறைப்பார்கள், ஆனால் "ஐயோ, அந்த ஜோக் இருக்கே" என்று நல்ல நல்ல இடங்களையெல்லாம் அப்படியே ஒப்பித்துவிடுவார்கள். காதல் நகைச்சுவையில் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான், காப்பாற்ற வேண்டியது சிரிப்பைத்தான். ஒரே ஒரு ஜோக்கைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் முதல் இருபது பக்கத்துக்குள் இருப்பதைச் சொல்லுங்கள். அப்புறம், முடித்த அன்றே எழுதாதீர்கள், இரண்டு நாள் போகட்டும். என் ஐந்து சொல் கடைசிப் பக்கத்தை மூடிய சூட்டில் எழுதியது.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினேன்:

"முதல் நூறு பக்கம் பழைய தட்டல் ஜோக்கையே திரும்பத் தட்டுகிறது, எனக்குச் சலித்தது. நூறாம் பக்கத்தில் ஒரு விருந்தாளி வருகிறார், அங்கிருந்து நன்றாகச் சிரித்தேன். சண்டைக்கான காரணம் ஐந்து நிமிடப் பேச்சில் தீரக்கூடியது, அது குறை. அவர்கள் இருவரும் மேல்மாடி கீழ்மாடியாகவே இருந்திருக்கக் கூடாதா என்பது என் ஆசை மட்டும், குறையில் சேர்க்காதீர்கள்."

அந்தப் பெண் நோட்டைப் படித்தாள். "விருந்தாளி யாருக்கா?" என்றாள். நான் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.